அலியாரின் மதுரைப் பயணம்

கீழக்கரைச் சங்கு வியாபாரி அலியாரின் முகமும் கண்களும் சில மாதங்களாகச் சிவந்தே கிடந்தன. நடக்கும்போது தள்ளாடவும் செய்தார்.

"குடிக்கிறீகளா மச்சான்?" மனைவி சாலிஹா கேட்டே விட்டாள்.

"ஆமா புள்ள, எப்பவாச்சும்" என்று தலைகுனிந்தார் அலியார்.

ஐந்து வேளையும் தொழுகிற மனிதர்! அன்றோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் மதுவிலக்குக் காலத்தில் இவருக்கு மட்டும் சாராயம் எங்கே கிடைக்கிறது? அடிக்கடி மதுரைக்குப் போவது அதற்குத்தானா? அடுத்த முறை அவர் கிளம்பியதும், தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மதுரையில் அவர் நுழைந்தது ஓர் ஆஸ்பத்திரிக்குள். அவள் போய்ப் பார்த்தபோது கட்டிலில் படுத்திருந்தார். அவர் கையிலிருந்து குழாய் வழியே ரத்தம் பாட்டிலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இவருக்கு ரத்தம் அளவுக்கு மீறி ஊறுதும்மா. முகச்சிவப்பு, தலைச்சுத்தல் எல்லாம் அதனாலதான். மண்ணீரலும் வீங்கியிருக்கு. அபூர்வமான ரத்தப் புற்று. தீராது, இப்படி அப்பப்ப ரத்தத்தை எடுத்துச் சமாளிக்கலாம்" என்றார் டாக்டர்.

சாலிஹா கட்டிலோரம் உட்கார்ந்தாள். "பெறகு ஏன் குடிக்கிறேன்னு பொய் சொன்னீக?"

"குடிகாரன்னா நீ கோவப்படுவே, அம்புட்டுத்தான். இதைச் சொன்னா தினமும் அழுவியே புள்ள."

சாலிஹா கோபப்படத்தான் பார்த்தாள். முடியவில்லை.