ஆசைக்கான ஆங்கிலச் சொற்கள்

அகராதியில் மறுபடியும் 'டிசையர்' என்ற சொல்லுக்கு வந்தாள்.

லத்தீனில் நட்சத்திரத்திலிருந்து பிறந்த சொல்லாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. வானம் எதையாவது கொண்டுவரும் என்று காத்திருப்பது.

சீட்டு இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு மணி.

அண்ணன் அவளுடைய போனைப் பிடுங்கி வைத்த நாளிலிருந்து இந்தச் சொற்பிறப்பு அகராதிதான் அவளுக்கும் அவள் காதலிப்பவனுக்கும் தபால்பெட்டி. நூலகத்துக்கு வெளியே கொடுக்கமாட்டார்கள். வேறு யாரும் தொடுவதும் இல்லை. பகலில் அவள் வருவாள். மாலையில் அவன். ஆசையைச் சொல்லும் ஏதாவது ஓர் ஆங்கிலச் சொல்லில் சீட்டு இருக்கும். எந்தச் சொல் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைசியாக அவன் எழுதியிருந்தான்: வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை 4.40 ரயில். வருகிறாயா? வருவாய் என்றால் எந்தப் பெட்டி என்று சொல்கிறேன்.

நேற்று, வியாழக்கிழமை பகலில் பதில் வைத்தாள். 'வான்ட்' என்ற சொல்லில். அதன் பழைய பொருள், இல்லாமல் இருப்பது.

இப்போது அந்தச் சீட்டு அங்கே இல்லை. எடுத்திருக்கிறான். படித்திருக்கிறான்.

அப்படியென்றால் பெட்டி எண் எங்கே?

'கிரேவ்'. உரிமையோடு கேட்பது. இல்லை.

'லாங்'. நீண்டுகொண்டே போவது. இல்லை.

'யர்ன்'. ஏங்குவது. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரித்தாள். இல்லை.

படித்துவிட்டுப் பயந்துவிட்டான்.

நான்கு பத்து.

"சீட்டு எதுவும் தேடுறியா பிள்ள?" நூலகர் செல்வமேரி நாற்காலியிலிருந்தே கேட்டார். "நேத்து மூணு மணிக்கு அந்த ரேக்க பூரா எறக்கி, உதறித் தூசி தட்டினோம்லா. உள்ள கெடந்ததெல்லாம் இந்த பிஸ்கட் டப்பாவுல இருக்கு. ஒரு கடையே வைக்கலாம்."

டப்பாவில் பஸ் டிக்கெட்டுகள். யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட் சைஸ் படம். பாதி கிழிந்த மாத்திரை அட்டை.

அடியில் நான்காக மடித்த கோட்டுத்தாள்.

அவளுடைய கையெழுத்து.

வருகிறேன்.

நேற்று மாலை அவனும் ஒவ்வொரு சொல்லாகத் தேடியிருப்பான்.

செல்வமேரி நிமிர்ந்தபோது மேஜையில் அகராதி மட்டும் திறந்து கிடந்தது. மின்விசிறிக் காற்றில் தாள்கள் தானாகப் புரண்டன. எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தார்.

தெருவில் வெயில். தார்ச்சாலை இளகியிருந்தது.

படியோரம் அவளுடைய செருப்புகள் அப்படியே கிடந்தன.