பெஞ்சுக்கு அடியில் நீலக் குடை

வக்கீல் வைக்காமல் தன் வழக்கைத் தானே வாதாடும் அண்ணன், கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு நீதிபதி முன்னால் நிற்கிறான். ஜன்னலில் மழைக்காலத்து வெளிச்சம் கழுநீர் மாதிரி தேங்கியிருக்கிறது. "அரசாங்கம் எனக்குப் பின்னால ஆள் போட்டிருக்குங்கய்யா. என் மனைவி போனதுலேருந்து, எங்க போனாலும் ஒரு நீலக் குடை வருது. திரும்பினா மறைஞ்சுடுது." யாரோ சிரிப்பை இருமலாக்குகிறார்கள். கடைசி பெஞ்சில் அவன் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். அண்ணி இறந்த பிறகு அவன் வாயில் ஏதாவது போடுகிறானா, ஒழுங்காக வீடு சேர்கிறானா என்று பார்க்க, தினமும் பின்னாலேயே போனவள் அவள்தான். நேரில் கேட்டால் எரிந்து விழுவான். மனுவில் குடை இருப்பது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. காலடியில் கிடக்கும் அந்தப் பாழாய்ப்போன குடையைக் குதிகாலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளுகிறாள். எழுந்து சொல்லிவிடலாம். ஆனால் அவள் எழவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார். "ஆதாரம் ஒண்ணும் இல்லையே. மனு தள்ளுபடி. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க." அண்ணன் காகிதங்களை மேசையில் தட்டி ஓரம் சேர்க்கிறான், ஜெயித்தவன் மாதிரி நிதானமாக. திரும்பும்போதுதான் அவளைப் பார்க்கிறான். "நீயாவது என்னை நம்பி வந்தியே." வாசலில் மழை கொட்டுகிறது. "குடை எடுத்துட்டு வரலியா?" "இல்லண்ணா." தள்ளுபடியான மனுக்கட்டை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தபடி, தான் நனைந்துகொண்டு, அண்ணன் படியிறங்குகிறான்.