நாகமணியின் பிடி

புதுக் கையுறை கச்சிதமாகப் பொருந்தியது.

அவள் விரல்களை மடக்கினாள். விரித்தாள். நுனியில் எதுவும் தொங்கவில்லை. மணிக்கட்டைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டது.

தீயணைப்பு நிலையத்தில் பெண்களுக்கென்று அளவெடுத்துத் தைத்து வந்தது இதுதான் முதல் தடவை. பெட்டியைப் பிரித்ததும் அவளோடு தீயணைப்பு வேலை பார்க்கும் மற்ற பெண்கள் சிரித்தபடி ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அப்புறம் பயிற்சிக்கு மைதானத்துக்குப் போய்விட்டார்கள்.

அவள் மட்டும் போகவில்லை. கழற்றி மேசைமேல் வைத்தாள்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம்.

சென்னியப்பன். பனியன் கழிவுக் கிடங்கு எரிந்தபோது மாடியில் மாட்டிக்கொண்டு இறந்துபோன நாகமணியின் கணவர்.

அன்றைக்குத் தெருவில், நாலு பேர் பிடியில் திமிறிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததுதான். துக்கத்துக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை.

ஜவுளிக்கடைப் பை ஒன்றை மேசையில் வைத்தார்.

"உங்க பொருளுங்க அம்மிணி. ஆஸ்பத்திரியில அவ துணிமணியோட சேத்துக் குடுத்துட்டாங்க. கவர்மெண்டு சாமான், நாம வச்சிருக்கக் கூடாதுங்களே."

பைக்குள் ஒரு பழைய கையுறை. வலது கை. யாரோ கரியைத் துடைத்திருந்தார்கள்.

அவளுடையது.

அன்று ஏணி உச்சியில் நின்று, ஜன்னலுக்குள் கையை நீட்டியிருந்தாள். புகைக்குள்ளிருந்து நாகமணியின் கை வந்து பற்றியது. இழுத்தாள். தோள் வரை வெளியே வந்துவிட்டது. அந்த நேரத்தில் உள்ளே அவள் நின்ற தளம் இடிந்து இறங்கியது.

அடுத்த கணம் அவள் கை வெறுங்கையாக இருந்தது.

கையுறை பெரிதாக இருக்கிறது என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தாள். எல்லோருக்கும் ஒரே அளவுதான் வருகிறது, விரல் நுனியில் பஞ்சு வைத்துக்கொள், பழகிவிடும் என்றார்கள்.

சென்னியப்பன் கிளம்பவில்லை. நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க."

அவள் தலையசைத்தாள்.

"அவளுக்கு எப்பவுமே பிடி பத்தாதுங்க. தண்ணிக் கொடத்தக்கூட நழுவ விட்டுருவா. வைவேன் நானு." நிறுத்தினார். "அன்னைக்கும் கைய விட்டுட்டாளுங்களா? கொஞ்சம் இறுக்கிப் புடிச்சிருந்தா வந்திருப்பாளேன்னு, செத்தவள இன்னமும் வைஞ்சிட்டே இருக்கறனுங்க."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். தலையை ஆட்டினால்கூடப் போதும். விசாரணையில்கூட இதை யாரும் கேட்கவில்லை. விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

"இல்லீங்ணா. அவங்க விடல."

அவர் நிமிர்ந்தார்.

"இது ஆம்பளைங்க அளவு. எனக்குத் தொளதொளன்னு இருக்கும். என் கைதான் இதுக்குள்ள இருந்து உருவிட்டு வந்துருச்சு. அவங்க புடிச்ச புடி புடிச்சபடியே இருந்துச்சு."

வெளியே மைதானத்தில் விசில் ஊதினார்கள்.

அவள் காத்திருந்தாள். அறைந்தால் வாங்கிக்கொள்வாள். திட்டினால், மண்ணை வாரித் தூற்றினால், இன்றைக்காவது தூங்கலாம்.



அவர் பையிலிருந்து கையுறையை எடுத்தார். கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல மெதுவாக, ஒவ்வொரு விரலாக, தன் வலது கையை அதற்குள் நுழைத்தார்.

அளவு சரியாக இருந்தது.

இடது கையால் அதைப் பற்றினார்.

"இப்பிடியா புடிச்சிருந்தா?"

அவள் அந்தப் பிடியைப் பார்த்தாள்.

"இன்னும் இறுக்கி."

அவர் இறுக்கினார்.