மதிப்பெண் குறைந்த காரணம்

குறைந்தது என்னவோ மகளின் மதிப்பெண். ஆனால் தானே தேர்வில் கோட்டை விட்டவர் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அப்பா வெண்டல்.

பக்கத்தில் அம்மா அடேல். அவளுக்கும் அந்தப் பக்கம் மகள் கொரின், ஸ்வெட்டர் கையை இழுத்து விரல்களை மறைத்தபடி. எதிரே இருந்த மிஸஸ் ப்ரூயிட், பள்ளியின் கல்லூரி ஆலோசகர், விண்ணப்பத்தை மேஜையில் விரித்தார்.

முன்முடிவு விண்ணப்பம் அது. ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம், இடம் கொடுத்துவிட்டால் மறுபேச்சில்லாமல் சேர்ந்தாக வேண்டும். மாணவி, பெற்றோர், ஆலோசகர் மூவரும் கையெழுத்திட வேண்டும். கடைசி நாள் நவம்பர் ஒன்று, அதாவது நாளை மறுநாள். எட்டாம் வகுப்பிலிருந்தே கொரின் ஆசைப்பட்ட கல்லூரி.

கணக்கிலும் அறிவியலிலும் ஒரு குறையும் இல்லை. வீட்டிலிருந்து கட்டுரை எழுதிவரும் ஆங்கிலத்திலும் வரலாற்றிலும்தான், மூன்று வருடமாக வந்த ஏ கிரேடு இந்தப் பருவத்தில் பி ஆகியிருந்தது. கொரினின் போன வருடக் கட்டுரையை இன்றைக்கும் மற்ற வகுப்புகளில் வாசித்துக் காட்டுகிறார்கள் என்றார் ஆலோசகர்.

"தேங்க்ஸ்," என்றார் வெண்டல், தலை நிமிராமலே.

"அப்படி எழுதின பொண்ணு இப்ப ஏன் சறுக்கினான்னு கல்லூரியில கேப்பாங்க. காரணத்தை என் கடிதத்துல நான் எழுதியாகணும்."

அடேலிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. விடாத காய்ச்சல் என்று எழுதலாம் என்றாள். தாத்தா இறந்த துக்கம் என்றும் எழுதலாமாம். தாத்தா ஃப்ளோரிடாவில் மீன் பிடித்துக்கொண்டிருப்பதை வெண்டல் மெல்ல நினைவூட்டினார்.

"அப்ப நீயாவது ஏதாவது சொல்லேன் வெண்டல். அவ உனக்கும் பொண்ணுதானே?"

ஜனவரி வரை பொறுத்து எல்லோரோடும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம், அதற்குள் மதிப்பெண்ணை ஏற்றிவிடலாம் என்று வெண்டல் தரையைப் பார்த்துச் சொன்னார். அடேலுக்கு அழுகை முட்டியது. வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரி முழுக்க மகளின் கல்லூரியைச் சொல்லிவைத்திருக்கிறாள், இனி எந்த முகத்தோடு போய் நிற்பது?

"மூணு வருஷம் ஏ வாங்கினவளுக்கு இப்ப என்னடி வந்துச்சு? பையன் யாராவதா?"

கொரின் இல்லை என்று தலையாட்டினாள். பொய்க்குக் கீழே தன்னால் கையெழுத்துப் போட முடியாது, உண்மை எதுவானாலும் தாங்கிக்கொள்ளலாம் என்றார் ஆலோசகர், குரலைத் தாழ்த்தி.

கொரினின் முகம் காது நுனி வரை சிவந்தது. அப்பா இருந்த பக்கம் திரும்பாமலே வாயைத் திறந்தாள்.

"மூணு வருஷமா எழுதினது அப்பா. இந்த பி மட்டும்தான் என்னோடது."