மூன்றாம் குழியின் அம்பு

அவள் செய்த அம்புமுனையைப் பஞ்சில் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்கள்.

குழிக்குள் வேலை செய்தவர்கள் எல்லோரும் மேலே ஏறி வந்துவிட்டார்கள். முழங்காலில் தேரி மணல்மேட்டின் செம்மண். அகழாய்வை நடத்தும் முத்துக்கறுப்பன் சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"நாலாயிரம் வருஷமாவது இருக்கும். செஞ்சவன் கை லேசுப்பட்ட கை இல்ல."

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்ற அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அதை அடக்கிக்கொண்டாள்.

தோண்டி எடுக்கிற கற்களைக் கழுவிக் காயவைப்பது அவள் வேலை. பழைய மனிதர்கள் கல்லை எப்படிச் செதுக்கினார்கள் என்று தெரிந்துகொள்ள, ஆராய்ச்சி மாணவன் தேவசகாயம் கொட்டகை நிழலில் உட்கார்ந்து செதுக்கிப் பார்ப்பான். அவன் அலுத்துப்போய் எறிந்த கற்களை அவள் பொறுக்கிக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் அவளும் உட்கார்ந்தாள். உள்ளங்கையில் பழைய செருப்புத் தோல். மரப்பிடியில் செருகிய செம்புக் கம்பி. கம்பியை அழுத்தினால் கல்லின் ஓரத்திலிருந்து செதில் தெறிக்க வேண்டும்.

இரண்டு மாதம் தெறித்ததெல்லாம் ரத்தம்தான்.

நாலு நாளைக்கு முன்னால் ஒன்று உடையாமல் அம்புமுனையாக நின்றது.

தலைகால் புரியாத சந்தோஷம். கல் என்றால் கழுவிவிடுகிற கைப்பழக்கம் வேறு. அதையும் கழுவி, மற்ற கற்களோடு காயவைத்துவிட்டாள். அந்தத் தட்டில் மூன்றாம் குழியில் கிடைத்தவை என்ற சீட்டு இருந்தது. சாயங்காலம் வந்து தேடினாள். தட்டை எடுத்துப் போயிருந்தார்கள்.

இப்போது வாயைத் திறந்தால் வேலை போகலாம். மூடிக்கொண்டால் அது மியூசியத்துக்குப் போய்விடும், எவனோ செய்ததாக.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சார், அது நான் செஞ்சது. சத்தியமாச் சொல்லுதேன்."

யாரோ சிரித்தார்கள்.

"யக்கா, சும்மா இருங்க," என்றான் தேவசகாயம். "எனக்கே இன்னும் ஒண்ணு உருப்படியா வரல."

சார் சிரிக்கவில்லை. சாக்கை விரித்து, செய்து காட்டச் சொன்னார்.

அவள் உட்கார்ந்தாள். சுற்றிலும் பதினாறு பேர். கல்லை எடுத்துத் தோலில் வைத்து அழுத்தினாள்.

கல் இரண்டாகப் போயிற்று.

சார் பஞ்சுப் பெட்டியை மூடப் போனார்.

அவள் உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தைத் தேய்க்கவே இல்லை. சொரசொரப்பான கல்லில் உரசி ஓரத்தை மழுக்கினால்தான் கம்பிக்குப் பிடி கிடைக்கும். எத்தனையோ கல் உடைந்து உடைந்து அவளுக்குச் சொல்லித்தந்தது அது ஒன்றைத்தான். பதற்றத்தில் அதையே விட்டாயிற்று. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

"இன்னொண்ணு, சார்."

உரசினாள். அவசரப்படாமல் உரசினாள். முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை விட்டபடி அழுத்தினாள்.

டிக்.

மீன் செதிலைப் போல ஒன்று தோலில் விழுந்தது.

பக்கத்திலேயே இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நாலைந்து விழுந்ததும் சுற்றி நின்றவர்களை மறந்துபோனாள். வேலை போனால் போகட்டும் என்றுகூட இருந்தது. கை சொன்னபடி கல் கேட்கிற சுகம் அப்படி.

ஓரம் முழுக்க ரம்பம் போலச் சீராகப் பல் அமைந்திருந்தது. சார் குனிந்து வாங்கினார். பஞ்சில் இருந்ததன் பக்கத்தில் வைத்து, லென்ஸில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு பெட்டியில் வைத்திருந்த மூன்றாம் குழியின் சீட்டை இரண்டாகக் கிழித்தார்.

ஏச்சு விழப்போகிறது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முகத்துக்கு நேராக ஒரு பேனா வந்தது. கண்டெடுத்த கற்களில் எண் எழுதுகிற மெல்லிய கறுப்புப் பேனா. படித்தவர்கள் மட்டும் தொடுவது.

"பேரும் தேதியும் எழுதும்மா. பின்னால வர்றவன் எவனும் என்னை மாதிரி ஏமாந்துரக் கூடாது."

அவள் பேனாவை வாங்கி, பஞ்சில் இருந்த அம்புமுனையைக் கையில் எடுத்தாள். ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். சொர்ணபுஷ்பம். கல் சின்னது. கடைசி எழுத்து மறுபக்கம் போயிற்று.

தேவசகாயம் செல்போனைப் பார்த்து அன்றைய தேதியைச் சொன்னான்.

அவள் பேனாவைத் தூக்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு இல்ல தம்பி. நான் இத முடிச்சது வெள்ளிக்கிழம. அது என்ன தேதி?"