சீட்டில்லாத மாத்திரை

மினிபஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஆளைக் கண்டதுமே ஷமா வெள்ளைக் கோட்டை எடுத்து அவசரமாக மாட்டிக்கொண்டாள். மருந்துக் கடைகளைச் சோதனை போடும் டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் ஒச்சப்பன்! யா அல்லாஹ், இன்றைக்கு யார் முகத்தில் விழித்தோமோ!

போன வருஷம் இதே மனுஷன்தான், டாக்டர் சீட்டு இல்லாமல் சுந்தரம்மாக்காவுக்குத் தூக்க மாத்திரை கொடுத்தாள் என்று பத்து நாள் கடையைப் பூட்டவைத்தார். இன்னொரு தடவை மாட்டினால் லைசென்ஸே போய்விடும் என்று மிரட்டிவிட்டும் போனார். வடமதுரைப் பக்கத்தில் இந்தக் கிராமத்துக்கு இருக்கிற ஒரே மெடிக்கல் ஷாப் இது. ஷமாவுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போடுவதும் இதுதான்.

வந்தவர் ஃபிரிட்ஜைத் திறக்கச் சொல்லவில்லை, பில் புக்கையும் கேட்கவில்லை. காலில் ரப்பர் செருப்பு, முகத்தில் நாலு நாள் தாடி.

“தூக்க மாத்திரை வேணும் தாயி. ரெண்டு அட்டை.”

“யாருக்கு சார்?”

“எனக்குத்தான்.”

“டாக்டர் சீட்டு?”

“இல்ல.”

ஷமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோயாளி மாதிரி ஆளை அனுப்பிக் கடைக்காரர்களைப் பிடிப்பது அவள் கேள்விப்பட்டதுதான். ஆபீசரே வேஷம் கட்டிக்கொண்டு வருவார் என்று யார் கண்டது!

“சீட்டு கொண்டாங்க சார், தாரேன்.”

“பொண்டாட்டி செத்துப் போனதுல இருந்து கண்ண மூட முடியல தாயி. வீட்ல பேச ஒரு ஆளு இல்ல. செவுத்தப் பாத்துக்கிட்டே எம்புட்டு நேரந்தான் உக்காந்திருக்கறது?”

குரல் உடைந்தது. அடேயப்பா, என்னமாய் நடிக்கிறார் மனுஷன்! ஷமா ரோட்டை எட்டிப் பார்த்தாள். ஆபீஸ் ஜீப்பைக் காணோம். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயாவது மறைத்து நிறுத்தியிருப்பார்கள்.

“போன வருசம் சுந்தரம்மாக்கா அழுகுறதப் பாத்து, எரக்கப்பட்டுத்தான் குடுத்தேன். அம்புட்டு கெஞ்சுனேன், விட்டீங்களா சார்? மறுபடி மாட்ட மாட்டேன்.”

“அத மனசுல வச்சுக்காத தாயி. திண்டுக்கல்ல நான் ஏறி இறங்காத கடையில்ல. எல்லாப் பயலுக்கும் என் மூஞ்சி தெரியுது. ஒருத்தன் விடாம சிரிக்கிறான். நீயாச்சும் குடு, உன் கால்ல வேணாலும் விழுறேன்.”

ஷமாவுக்கு ஒரு நிமிஷம் மனசு இளகத்தான் செய்தது. கை தன்னால் அலமாரிப் பக்கம் போனது. பிள்ளைகள் ஞாபகம் வரவும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“என் பிள்ளைக மேல சத்தியமா தர மாட்டேன். நீங்க என்னா சொன்னாலும் சரி!”

ஒச்சப்பன் கவுண்டரை விட்டு ஓரடி பின்வாங்கினார். அப்பாடா, தப்பித்தோம் என்று ஷமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்ஸ்பெக்ஷன் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் விரித்து, பேனாவையும் நீட்டினாள்.

“நான் பாஸ்தான சார்? எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு செத்த நேரம் உக்காருங்க, டீ சொல்றேன்.”

அவர் பேனாவை வாங்கவில்லை. அப்படியே பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“நான் ரிட்டயராகி ஆறு மாசமாச்சு தாயி.”