நெறி

அவர் அழுதுகொண்டிருந்தார்.

நாய் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியில், நாலு பேர் பார்க்க, மூக்கு ஒழுக. பெற்ற தாயை எரித்துவிட்டு வந்த அன்று, இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி இல்லையா என்று கேட்டவர்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரத்தம் காய்ந்த துண்டை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள்.

காலையில் பிங்கியின் கட்டி உடைந்துவிட்டது. பின்னங்கால் இடுக்கில், கடைசிக் காம்பை ஒட்டி, எலுமிச்சை அளவுக்கு இருந்தது. சமையலறையிலிருந்து வாசல்வரை ரத்தம். அவர் செருப்புக்கூடப் போடாமல் தூக்கிக்கொண்டு ஓடினார். அவள் பின்னாலேயே ஓடினாள். வீட்டைப் பூட்டினோமா என்று அவளுக்கு இன்னும் சந்தேகம்.

"பிங்கி அப்பா யாருங்க?"

நர்ஸ் கேட்டதும் துள்ளி எழுந்தார். இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றாமலே வந்து நின்றார். உடனே அறுத்து எடுக்க வேண்டும். பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் சின்ன வேலை.

"இவ்வளவு பெருசாகிற வரைக்கும் என்ன சார் பண்ணீங்க?"

"இவதான் மேடம், நெறி கட்டியிருக்குன்னு சொன்னா."

அவளை விரலால் காட்டினார்.

சொன்னாள்தான். பங்குனியில் குளிப்பாட்டும்போது கையில் நிரடியது. காலில் முள் குத்தியிருக்கும், நெறி கட்டியிருக்கிறது, தானாகப் போய்விடும் என்றாள். கையிலோ காலிலோ புண் இருந்தால் அக்குளில், தொடை இடுக்கில் கட்டி வரும். புண் ஆறினால் கட்டியும் அமுங்கிவிடும். பயப்பட ஒன்றுமில்லை. அதுதான் நெறி.

இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

பொங்கல் முடிந்த வாரம் அது. இடது அக்குளில் பட்டாணி அளவுக்கு ஏதோ தட்டுப்படுகிறது என்று கையைத் தூக்கிக் காட்டினாள். அவர் மொபைலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நெறி கட்டியிருக்கும், கையில் எங்கேயாவது கீறியிருப்பாய் என்றார். பார்த்தாள். இடது கட்டைவிரலில் கரும்பு வெட்டிய காயம் இருந்தது. பார்க்காமலே எவ்வளவு சரியாகச் சொல்கிறார் என்று பெருமைகூடப் பட்டாள்.

பைத்தியக்காரி.

பிங்கி பிழைத்துவிட்டது.

கழுத்தில் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையம். அதோடு சுவரில் இடித்துக்கொண்டே வீடு முழுக்க நடந்தது. அவர் பதினைந்து நாள் லீவு போட்டார். அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது, ஆபீசில் ஆடிட்டிங் என்று அரை நாள்கூடத் தங்காதவர்.

கட்டி மறுபடி வருகிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். காலையில் காபிகூடக் குடிக்காமல் தரையில் உட்கார்ந்துவிடுவார். மூன்று விரலைச் சேர்த்து, மெதுவாக அமுக்கி, தையல் போட்ட இடத்தை மட்டும் விட்டுவிட்டு, ஒவ்வொரு காம்பாக. அவசரமே கிடையாது. அந்த விரல்களுக்கு இவ்வளவு பொறுமை உண்டென்று அவளுக்குத் தெரியாது.

"வாயில்லா ஜீவன். வலிச்சா சொல்லத் தெரியுமா? நாமதானே பாக்கணும்."

அவளிடம்தான் சொன்னார்.

அவளுக்கு வாய் இருந்தது.

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவளும் மூன்று விரலைச் சேர்த்தாள். பட்டாணி நெல்லிக்காய் ஆகியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று.

கட்டைவிரலைப் பார்த்தாள். கரும்புக் காயம் எப்போதோ ஆறிவிட்டது. தழும்புகூட இல்லை.

இடது கையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் தேடினாள். விரலிடுக்கு. நகக்கண். முழங்கை. ஒரு கீறல் போதும். சொறிந்து புண்ணான ஒரு கொசுக்கடி. எண்ணெய் தெறித்த ஒரு பொட்டு. இத்தனை வருடம் அடுப்படியில் வெந்த கை, அன்றைக்கென்று பார்த்து மணப்பெண் கை மாதிரி இருந்தது.



சொல்லலாம். சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இத்தனை நாள் என்ன பண்ணினீர்கள் என்று அங்கேயும் கேட்பார்கள். அவர் விரலால் அவளைக் காட்டுவார்.

குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வாளி நிரம்பி வழியும்வரை நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் கட்டு மாற்றினார்கள். அவள் பிங்கியை மடியில் போட்டுப் பிடித்துக்கொள்ள, அவர் பஞ்சில் மருந்தைத் தொட்டுத் துடைத்தார். எரிந்திருக்கும். பிங்கி திமிறிக்கொண்டு காலை உதறியது. நகம் அவளுடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை இழுத்துக்கொண்டு போனது.

"ஒழுங்காப் பிடிக்கக்கூடத் தெரியாதா உனக்கு? பாவம், பாரு, எப்படி நடுங்குது."

பிங்கியை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று சிவப்புக் கோடுகள். நடுக்கோட்டில் ரத்தம் முத்து முத்தாக வந்துகொண்டிருந்தது.

இடது கை.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு இப்படி ஒரு நிம்மதி.

பஞ்சும் மருந்தும் எட்டும் தூரத்தில்தான் இருந்தன. அவள் தொடவில்லை. சட்டென்று ஆறிவிட்டால் என்ன செய்வது.